கிராண்ட் பியானோ: மெதுவாக வாசித்தால் ஹேமர் இரண்டு முறை தட்டுகிறது. குறை ஸ்ப்ரிங்கிலா, பேக்செக்கிலா?

சுருதிப்பெட்டி:

வணக்கம். ஒரு கிராண்ட் பியானோவில் நடுப்பகுதியில் இரண்டு ஆக்டேவ் அளவுக்கு ஒரு தொல்லை. கீயை மிக மென்மையாக அழுத்தினால் ஹேமர் (தந்தியை அடிக்கும் ஃபெல்ட் சுத்தியல்) தந்தியைத் தொட்டுவிட்டுக் கீழே போகாமல் உடனே மறுபடி ஒரு தட்டு தட்டுகிறது. நடுத்தர வேகத்தில் வாசித்தால் பெரும்பாலும் வருவதில்லை. ஓங்கி வாசித்தால் அறவே இல்லை, ஓரிரு கீகளைத் தவிர.

அளந்து பார்த்தவை:

ஹேமர் ஓய்வில் இருக்கும்போது தந்திக்கு உள்ள தூரம்: 48 மி.மீ.
வெள்ளைக் கீ இறங்கும் ஆழம்: 9.2 மி.மீ.
லெட்-ஆஃப் (ஹேமரைத் தள்ளும் பாகம் விலகும் இடம்): தந்திக்கு 2 மி.மீ. கீழே, ஓரளவு சீராகவே இருக்கிறது
லெட்-ஆஃபுக்குப் பிறகு ஹேமர் விழும் டிராப்: சில கீகளில் 1 மி.மீ., சிலவற்றில் கண்ணுக்கே தெரியவில்லை
பேக்செக் (திரும்பி விழும் ஹேமரைப் பிடிக்கும் தோல் வைத்த கட்டை) பிடிக்கும் இடம்: தந்தியிலிருந்து 18 முதல் 20 மி.மீ.
ஸ்ப்ரிங் (ஹேமரை மறுபடி மேலே தூக்குவது): செக்கில் மாட்டிய ஹேமரை விடுவித்தால் துள்ளி எழுகிறது

ஸ்ப்ரிங் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டால் தீர்ந்துவிடும் என்பது ஒரு கருத்து. பேக்செக்கை இன்னும் நெருக்கமாக வளைத்தால் போதும் என்பது இன்னொன்று. எதில் தொடங்குவது? ஆக்ஷனை (கீகளும் ஹேமர்களும் சேர்ந்த இயந்திரப் பகுதி) வெளியே எடுத்து வைக்க மேசை இருக்கிறது. கேப்ஸ்டன் (கீயின் மேல் நின்று ஆக்ஷனைத் தூக்கும் திருகு) திருப்பி, லெட்-ஆஃப் திருப்பி, ஸ்ப்ரிங் கொக்கி, கீயின் ஆழத்தை அளக்கும் டிப் கட்டை எல்லாம் கையில் உண்டு.


ஆக்ஷன்மேசை:

இரண்டிலும் இப்போது கை வைக்க வேண்டாம். பதில் நீங்கள் எழுதிய அளவுகளிலேயே இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஹேமரின் தூரம் 48. லெட்-ஆஃப் 2. அப்படியானால் ஜாக் (ஹேமரை மேலே தள்ளும் மரத்துண்டு), நக்கிளை (ஹேமர் தண்டின் அடியில் உள்ள தோல் உருளை) விட்டு விலகத் தொடங்குவதற்குள் ஹேமர் 46 மி.மீ. ஏறியாக வேண்டும். பெரும்பாலான கிராண்டுகளில் கீயின் முன்முனை 1 மி.மீ. இறங்கினால் ஹேமர் சுமார் 5 மி.மீ. ஏறும். 46-ஐ 5-ஆல் வகுத்தால் 9.2. உங்கள் கீ இறங்குவதும் 9.2 தான்! லெட்-ஆஃப் நடக்கிற அதே நொடியில் கீ அடியில் போய் முட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கீ இறங்க வேண்டிய மிச்சத் தூரம், அதாவது ஆஃப்டர்டச், உங்களிடம் இல்லவே இல்லை. அது 1 மி.மீ.யை ஒட்டி இருந்தாக வேண்டும்.

ஆஃப்டர்டச் இல்லாவிட்டால் ஜாக் பாதிதான் வெளியே வரும். அதன் முனை நக்கிளின் ஓரத்துக்கு அடியிலேயே தங்கிவிடும். தந்தியில் பட்டுத் திரும்பும் ஹேமர் ரெப்பிட்டிஷன் லீவரை (ஜாக் விலகியதும் ஹேமரைத் தாங்கும், ஸ்ப்ரிங் வைத்த நெம்புகோல்) அழுத்திக்கொண்டு கீழே இறங்கிச் செக்கில் மாட்ட வேண்டும். இங்கேயோ நேராக ஜாக்கின் முனையில் விழுகிறது. ஜாக் கெட்டியான மரம், அடியில் விப்பன் (ஜாக்கையும் லீவரையும் சுமக்கும் பாகம்), அதற்கும் அடியில் உங்கள் விரல். தரையில் போட்ட பந்து போல ஹேமர் எம்பும், தந்தி 2 மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது, இன்னொரு தட்டு.

ஓங்கி அடித்தால் ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. பலமாக அழுத்தும்போது முன் ரெயிலில் (கீயின் முன்முனைக்கு அடியில் உள்ள கட்டை) இருக்கும் ஃபெல்ட் பஞ்சிங் (வட்ட வில்லை) நசுங்கி, கீ கொஞ்சம் கூடுதலாக இறங்கும். அந்தக் கொஞ்சத்தில் ஜாக் தப்பித்து வெளியே வந்துவிடும். மென்மையாக வாசிக்கும்போது ஃபெல்ட் நசுங்குவதில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். தொல்லை தரும் கீ ஒன்றை மிக மெதுவாக அடிவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஹேமர் செக்கில் மாட்டாமல் மேலேயே நிற்கும். மறுகையின் ஒரு விரலால் ஹேமர் தலையை லேசாகக் கீழே தள்ளுங்கள். ஸ்ப்ரிங்கின் மீது அழுத்துவது போல மெத்தென்று இறங்கிச் செக்கை நோக்கிப் போனால் ஜாக் வெளியே வந்துவிட்டது. கட்டையில் கை வைத்தது போல இறங்க மறுத்தால் ஜாக் இன்னும் நக்கிளுக்கு அடியில் இருக்கிறது. உங்கள் நடுப்பகுதியில் பெரும்பாலான கீகள் இப்படி மறுக்கும் என்று நினைக்கிறேன்.

ஆக, தேவை இரண்டு: ஹேமர் தூரத்தை 46-க்குக் குறைப்பது, கீ ஆழத்தை 10-க்குக் கூட்டுவது. அப்போது 46-இல் 2 போனால் 44, அதை 5-ஆல் வகுத்தால் 8.8. 10-இல் 8.8 போக 1.2 மிச்சம். சரியாக வேலை செய்யும். 1:5 என்பது பொதுவான அளவு மட்டுமே, உங்கள் ஆக்ஷனில் கொஞ்சம் மாறலாம். கீயைச் சரியாக 4 மி.மீ. அழுத்தி ஹேமர் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்துவிட்டால் உங்கள் கணக்கு உங்களுக்கே கிடைத்துவிடும்.

வேலை வரிசை முக்கியம். முதலில் ஆக்ஷனில் உள்ள திருகுகள் எல்லாவற்றையும் இறுக்குங்கள். ஹேமர் ஃபிளாஞ்ச் (ஹேமரை ரெயிலோடு இணைக்கும் மூட்டு), விப்பன் ஃபிளாஞ்ச், ஆக்ஷனைக் கீ பிரேமோடு பிணைக்கும் பெரிய திருகுகள், எதையும் விட வேண்டாம். தளர்ந்த திருகோடு எடுத்த அளவு நாளைக்கு நிற்காது.

அடுத்து கீ மட்டம். இதை ஹேமர் வரிசைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பேலன்ஸ் ரெயிலில் (கீ ஊசலாடும் நடுக்கட்டை) 0.4 மி.மீ. காகித பஞ்சிங் சேர்த்தால் கீயின் முன்முனை கிட்டத்தட்ட 0.8 உயரும், கேப்ஸ்டனும் கூடவே சற்று எழும்பும், அதனால் ஹேமர் உயரமும் மாறிவிடும். பிறகு செய்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

அதன் பிறகு ஜாக்கின் இடம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. நக்கிளின் நடுவே ஒரு மெல்லிய மரத் தகடு செருகியிருக்கும். ஹேமர் தலைப் பக்கமாக உள்ள அதன் ஓரமும், ஜாக்கின் அதே பக்க ஓரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஜாக் அந்தக் கோட்டைத் தாண்டி ஹேமர் பக்கமாகப் போயிருந்தால், வெளியே வர அதிக தூரம் கடக்க வேண்டும். அது உங்கள் ஆஃப்டர்டச்சைத் தின்றுவிடும். வாசிப்பவர் பக்கமாக ரொம்ப வந்துவிட்டாலோ, ஓங்கி அடிக்கும்போது ஜாக் நழுவி சத்தமே வராமல் போகும். விப்பனில் ஜாக்கை நிறுத்தும் சிறிய பட்டன் இருக்கிறதே, அதைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம்.

லீவர் உயரத்துக்கு: ஜாக்கின் வாலை விரலால் தட்டி ஜாக்கை வெளியே இழுங்கள். ஹேமர் கண் சிமிட்டுகிற அளவுக்கு மட்டும் அசைந்தால் சரி. தொப்பென்று இறங்கினால் லீவர் தாழ்ந்திருக்கிறது, ஜாக்கால் திரும்பி உள்ளே போக முடியாது. அசையவே இல்லை, ஜாக்குக்கும் நக்கிளுக்கும் இடையே இடைவெளி தெரிகிறது என்றால் லீவர் உயர்ந்துவிட்டது. அந்த இடைவெளியை மூடவே கீயின் ஆழத்தில் ஒரு பங்கு வீணாகும்.

இப்போது ஹேமர் வரிசை. கேப்ஸ்டன் 0.1 மி.மீ. ஏறினால் ஹேமர் 1 மி.மீ. ஏறும், ஆகவே மிகச் சிறிய திருப்புதான். ஒவ்வொரு பிரிவின் இரு ஓரத்திலும் ஒரு ஹேமரை அளந்து வைத்துவிட்டு நடுவில் உள்ளவற்றை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தந்தியின் உயரம் பிரிவுக்குப் பிரிவு மாறும். ஒரே இடத்தில் அளந்து 88-க்கும் போடக்கூடாது.

ஹேமர் தூரம் 48-க்குப் போனதற்குக் காரணம் அநேகமாகத் தேய்மானம்தான். நக்கிள் தட்டையாகும், விப்பனின் அடி ஃபெல்ட் அமுங்கும். ஹேமரின் ஃபெல்ட்டைத் தேய்த்து வடிவம் கொடுத்திருந்தால் தேய்த்த அளவுக்குத் தூரம் கூடும். 2 மி.மீ. தேய்த்தால் ஆஃப்டர்டச்சில் 0.4 போயிற்று. தூரத்தை 46-க்கும் கீழே கொண்டுபோய் எளிதாகத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். 44-க்குக் கீழே போனால் ஓங்கி வாசிக்கும்போது பியானோவில் பலம் குறையும். தூரத்தில் பாதி, ஆழத்தில் பாதி என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

ஆழத்துக்கு: முன் ரெயில் பின்னில் ஃபெல்ட் பஞ்சிங்குக்குக் கீழே இருக்கும் காகிதங்களிலிருந்து 0.8 அளவுக்கு எடுத்துவிடுங்கள். காகிதம் எப்போதும் ஃபெல்ட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். மேலே போட்டால் கீ அடியில் முட்டும்போது சத்தம் வரும். டிப் கட்டையை வைத்து அளக்கும்போது எல்லாக் கீகளுக்கும் ஒரே அழுத்தம் கொடுங்கள். கை கனமானால் 0.3 மி.மீ. வித்தியாசம் சாதாரணமாக வந்துவிடும்.

லெட்-ஆஃப், டிராப், ஸ்ப்ரிங், செக் எல்லாம் இதற்குப் பிறகுதான்.


நடுக்கீ:

மேலே சொன்ன வரிசையோடு ஒத்துப்போகிறேன். ஆனால் டிராப் கண்ணுக்கே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கீகளில் ஆஃப்டர்டச் வந்த பிறகும் இரட்டைத் தட்டு போகாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

லெட்-ஆஃப் ஜாக்கை மட்டுமே நிறுத்துகிறது. ஜாக் விலகிய பிறகு ஹேமரைத் தாங்கி நிற்பது ரெப்பிட்டிஷன் லீவர். அதைத் தடுக்கும் ஆள் ஹேமர் ஃபிளாஞ்சில் இருக்கும் டிராப் ஸ்க்ரூ. அது சரியாக இல்லாவிட்டால் கீ இறங்க இறங்க லீவர் ஹேமரைத் தந்தியை நோக்கித் தூக்கிக்கொண்டே போகும். மென்மையான தட்டில் ஹேமருக்குத் திரும்பும் வேகம் குறைவு, லீவரை அமுக்கிக்கொண்டு செக்குக்கு வர அதனிடம் பலம் இல்லை. ஸ்ப்ரிங்கின் மீது உட்கார்ந்து ஆடும், தந்திக்கு அருகிலேயே ஆடும். அந்த ஆட்டத்தில்தான் இரண்டாவது தட்டு.

1821-இல் பியானோ தயாரிப்பாளர்களான எரார் குடும்பம் காப்புரிமை வாங்கிய இரட்டை எஸ்கேப்மென்ட்டின் நோக்கமே ஹேமரைத் தந்திக்குப் பக்கத்தில் பிடித்து வைப்பது, கீ முழுதும் மேலே வராமலே அடுத்த தட்டுக்குத் தயாராக இருப்பது. ஆகவே இரட்டைத் தட்டு அந்த அமைப்பின் கூடவே பிறந்த ஆபத்து. ஸ்ப்ரிங்கை எடுத்தெறிந்தால் ஆபத்து போகும், வேகமாகத் திரும்ப வாசிக்கும் வசதியும் சேர்ந்து போகும். உங்களுக்கு ஸ்ப்ரிங்கைத் தளர்த்தச் சொன்ன யோசனையில் உள்ள குறை இதுதான்.

லெட்-ஆஃபை முதலில் முடியுங்கள். கீயை மெதுவாக அழுத்தி, ஹேமர் திரும்பும் இடத்தைத் தந்தியோடு பக்கவாட்டில் பாருங்கள். மேல் ஸ்தாயியில் 1.5 மி.மீ., நடுவில் 2, பாஸில் 3 வரை போகலாம். பாஸ் தந்திகள் அகலமாக அதிரும். லெட்-ஆஃப் பட்டனை (ஜாக்கின் வாலைத் தடுப்பது) இறக்கினால் ஜாக் சீக்கிரம் விலகும், ஏற்றினால் தாமதமாகும். ரொம்ப நெருக்கமாக வைத்துவிட்டால் ஹேமர் தந்தியிலேயே ஒட்டி நின்று சத்தம் மழுங்கும். ரொம்பத் தள்ளி வைத்தால் மென்மையான வாசிப்பு கைக்கு அடங்காது, கீ இறங்கும் ஆனால் சத்தம் வராது.

அடுத்து டிராப். லெட்-ஆஃப் ஆன இடத்திலிருந்து ஹேமர் மேலும் 1.5 முதல் 2 மி.மீ. இறங்க வேண்டும். ஸ்க்ரூவைக் கீழே திருகினால் டிராப் கூடும். கண் அளவை விட விரல் அளவு இங்கே நம்பகமானது. கீயை மெதுவாக அழுத்தும்போது கடைசிப் பகுதியில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும். ஜாக்கின் வால் லெட்-ஆஃப் பட்டனைத் தொடுவதும் லீவர் டிராப் ஸ்க்ரூவைத் தொடுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் அது ஒரே தடையாக இருக்கும். இரண்டு படியாகத் தெரிந்தால் ஒன்று முந்திக்கொள்கிறது. பெரும்பாலும் டிராப் ஸ்க்ரூ அதிகமாக இறங்கியிருக்கும்.

பிறகு ஆஃப்டர்டச்சைச் சரிபாருங்கள். 1 மி.மீ. தடிமன் உள்ள அட்டைத் துண்டை கீயின் முன்முனைக்கு அடியில், ஃபெல்ட் பஞ்சிங்கின் மேல் நுழைத்து கீயை அழுத்துங்கள். லெட்-ஆஃப் அப்போதுதான் கடைசி நொடியில் நடந்தால் சரியான அளவு. நடக்கவே இல்லையென்றால் ஆஃப்டர்டச் போதாது. அட்டை இருந்தும் தாராளமாக நடந்தால் அதிகம்.

பேக்செக் 18 முதல் 20 என்பது கொஞ்சம் தாழ்வு. நடுத்தர அடியில் 15 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ஆனால் நெருக்கமாக வளைத்தே தீர வேண்டும் என்று இறங்கினால், ஹேமர் மேலே போகும்போதே அதன் வால் செக்கில் உரசத் தொடங்கும். ஷாங்க்கை (ஹேமரின் தண்டு) ஒரு விரலால் லேசாகக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு கீயை மெதுவாக அழுத்துங்கள். ஏறும் வழியில் எங்கேனும் உரசல் தெரிந்தால் செக்கைப் பின்னால் தள்ள வேண்டும். கம்பியை அடியில் வளைத்தால் செக் முழுவதும் நகரும், மேலே வளைத்தால் கோணம் மட்டும் மாறும். செக்கின் முகமும் வாலின் முகமும் மாட்டும் இடத்தில் ஒன்றோடொன்று படிய வேண்டும், மேல் விளிம்பு மட்டும் கடிக்கக் கூடாது.

கடைசியில் ஸ்ப்ரிங். ஹேமரைச் செக்கில் மாட்டுங்கள். கீயை மெல்ல, மெல்ல விடுங்கள். செக் விட்டதும் ஹேமர் தயங்காமல் எழும்ப வேண்டும், ஆனால் நீங்கள் கண்ணால் தொடரக்கூடிய வேகத்தில். கீயைப் பிடித்திருக்கும் விரலில் உதை தெரிந்தால் ஸ்ப்ரிங் பலம் அதிகம். எழும்பாமல் கிடந்தால் குறைவு. சரிசெய்யும் ஸ்க்ரூ உள்ள விப்பன் என்றால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாவிட்டால் கொக்கியால் காடியிலிருந்து (ஸ்ப்ரிங்கின் முனை உட்காரும் பள்ளம்) எடுத்து வளைக்க வேண்டும். பலம் கூட்ட மேல்நோக்கி, குறைக்கக் கீழ்நோக்கி. சுருளுக்கு அருகில் வளையுங்கள், நடுவில் முறிப்பு விழக்கூடாது. காடியில் கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் கிராஃபைட் தடவுங்கள். அழுக்கில் சிக்கித் திடீரென்று விடுபடும் ஸ்ப்ரிங்கும் பலமான ஸ்ப்ரிங் மாதிரியேதான் துள்ளும். நல்ல ஸ்ப்ரிங்கை வளைத்துக் கெடுத்ததுதான் மிச்சமாகும்.

ஸ்ப்ரிங்கை மாற்றினால் செக் பிடிக்கும் உயரமும் கொஞ்சம் நகரும். செக்கை மறுபடி ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.


சென்டர்பின்:

ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்காங்க, ஆனா ஒரு விஷயம் விட்டுப்போச்சு. உராய்வு. சென்டர் பின் (பாகங்கள் சுழலுற சின்ன அச்சுக் கம்பி) தளர்ந்திருந்தா நீங்க என்ன ரெகுலேட் பண்ணினாலும் நிக்காது.

ஹேமர் ஃபிளாஞ்சைக் கழட்டி ஷாங்க்கைக் கையில் பிடிச்சு, ஃபிளாஞ்சை ஆட விட்டுப் பாருங்க. இல்லைன்னா ஃபிளாஞ்சைப் பிடிச்சு ஹேமரைத் தொங்க விட்டு, படுக்கை நிலையிலிருந்து விட்டு ஆட விடுங்க. அஞ்சு ஆறு தடவை ஆடி நின்னா நல்ல உராய்வு. பத்துக்கு மேல ஆடிக்கிட்டே இருந்தா பின் லூஸ். ரெண்டு மூணு ஆட்டத்துலயே நின்னா டைட். லூஸான ஹேமர் ஒவ்வொரு சின்ன அதிர்வுக்கும் ஆடும், அதை அடக்க ஆளில்ல. புஷிங் (பின்னைச் சுத்தி இருக்கிற துணி) நல்லா இருந்தா அரை சைஸ் பெரிய பின் போடணும். பின் மேல ஏதாவது திரவம் விட்டு சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க, டைட்டுக்கு அது சரிவரும், லூஸுக்கு வராது.

ரெப்பிட்டிஷன் லீவரோட பின்னையும் விட்டுடாதீங்க. இது முக்கியம். ஸ்ப்ரிங்கைக் காடியிலிருந்து எடுத்துட்டு லீவரைத் தூக்கி விடுங்க. மெதுவா இறங்கணும். பொத்துன்னு விழுந்தா உராய்வே இல்ல. ஸ்ப்ரிங் கொடுக்கிற துள்ளலைக் கொஞ்சம் அடக்குறது இந்த உராய்வுதான். அது இல்லாத லீவர்ல ஸ்ப்ரிங்கை எவ்வளவு கவனமா வெச்சாலும் ஒண்ணு துள்ளும், இல்ல எழும்பாது. நடுவுல ஒரு நிலையே கிடைக்காது. சார், நீங்க சொன்ன துள்ளல் எல்லாமே பலமான ஸ்ப்ரிங்தான்னு நான் ஒத்துக்க மாட்டேன், பாதி இந்தப் பக்கமா இருக்கலாம். காத்து வறண்டு போற மாசங்கள்ல பின் எல்லாம் இன்னும் தளரும். அதனால அப்போ எடுத்த அளவை வெச்சு ஈரக் காலத்துல குழம்பிக்காதீங்க.

இன்னொண்ணு, ஆக்ஷனை உள்ளே வெச்ச பிறகு கீ பிரேம் கீ பெட் (பியானோவோட அடிப்பலகை) மேல ஒழுங்கா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. பேலன்ஸ் ரெயில்ல இருக்கிற கிளைட் போல்ட் (பிரேமைத் தாங்குறது) ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு மெல்லிசு காகிதத்தைச் செருகி இழுங்க. லேசா உரசிக்கிட்டு வரணும். சும்மா வந்தா போல்ட் தொடலை, அங்கே அடிக்கும்போது பிரேம் வளையும். வரவே மாட்டேன்னா அதிகமா இறங்கியிருக்கு, பேலன்ஸ் ரெயிலையே தூக்குது. அப்படின்னா மேசை மேல எடுத்த கீ மட்டமும் ஆழமும் பியானோக்குள்ள போனதும் வேற ஆயிடும்.

ஆக்ஷனை இழுக்கும்போது கீயில விரல் படக்கூடாது. ஒரு கீ இறங்கினாலும் ஹேமர் எழும்பும், பின் பிளாக்கில் (தந்தியை முறுக்குற ஆணிகள் இருக்கிற பலகை) மாட்டி ஷாங்க் முறியும். முன்னாடி கீ ஸ்லிப், ரெண்டு ஓரத்துலயும் கீ பிளாக், ஃபால்போர்டு (கீகளை மூடுற மூடி) இதெல்லாம் எடுத்துட்டு, கீ பிரேமைப் பிடிச்சு நேரா இழுங்க.


சுருதிப்பெட்டி:

மூவருக்கும் நன்றி. ஹேமரை விரலால் தள்ளும் சோதனையில் நடுப்பகுதி கீகள் கட்டை போல நின்றன, ஆக ஜாக்தான். ஹேமர் தூரம் 46, வெள்ளைக் கீ ஆழம் 10, டிராப் 1.5 முதல் 2 என்று கொண்டுவந்ததில் வெள்ளைக் கீகள் எல்லாம் அடங்கிவிட்டன. ஸ்ப்ரிங்கை அங்கங்கே மட்டும் தொட வேண்டியிருந்தது.

மிச்சம் இருப்பவை இரண்டு. கறுப்புக் கீகளில் பல இன்னும் மென்மையான வாசிப்பில் இரட்டையாகத் தட்டுகின்றன. அவற்றின் ஆழத்தை எப்படி அளப்பது, டிப் கட்டை உட்காரவில்லையே? இன்னொன்று, ஒரு வெள்ளைக் கீ மட்டும் நேர் எதிராக, ஓங்கி அடித்தால்தான் இரட்டையாக ஒலிக்கிறது. மென்மையாக வாசித்தால் சரியாக இருக்கிறது.


ஆக்ஷன்மேசை:

கறுப்புக் கீகளுக்குக் கட்டை வேண்டாம். 1 மி.மீ. அட்டைச் சோதனையை வைத்தே ஆழத்தை நிர்ணயியுங்கள். அட்டை இருக்கும்போது லெட்-ஆஃப் கடைசியில் மட்டும் நடக்கும் அளவுக்குப் பஞ்சிங்கைக் கூட்டிக் குறைத்தால் போதும், ஆஃப்டர்டச் பக்கத்து வெள்ளைக் கீயைப் போலவே ஆகிவிடும். ஒரே ஒரு எல்லை: முழுதாக அழுத்திய கறுப்புக் கீயின் மேற்பரப்பு, ஓய்வில் இருக்கும் வெள்ளைக் கீயின் மட்டத்துக்கு மேல் 2 மி.மீ.யாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் வெள்ளைக் கீயில் இடிக்கும். அந்த எல்லையைத் தொட்டும் ஆஃப்டர்டச் வரவில்லையென்றால் கறுப்புக் கீயின் மட்டமே தாழ்ந்திருக்கிறது. பேலன்ஸ் ரெயிலில் தூக்கிவிட்டு அந்த ஹேமரின் உயரத்தை மறுபடி பாருங்கள்.


நடுக்கீ:

ஓங்கி அடித்தால் மட்டும் என்றால் ஜாக்கும் டிராப்பும் அல்ல, அந்த ஹேமரைச் செக் பிடிக்கவில்லை. வேகமாகத் திரும்பும் ஹேமர் செக்கில் வழுக்கிக் கீழே போய், லீவரும் ஸ்ப்ரிங்கும் கொடுக்கும் உதையில் மறுபடி தந்திக்கே வந்துவிடுகிறது.

பார்க்க வேண்டியவை: செக்கின் தோல் கண்ணாடி போலப் பளபளக்கிறதா, ஹேமர் வால் வழவழவென்று மெருகேறியிருக்கிறதா, செக் வாலுக்கு நேராக நிற்கிறதா, பக்கவாட்டில் விலகி ஓரத்தில் மட்டும் படுகிறதா. கடைசியில் சொன்னது ஒற்றைக் கீயில் அடிக்கடி வரும். இடது பெடலை அழுத்தி ஆக்ஷன் முழுவதும் நகரும்போது கீயும் செக்கும் சேர்ந்தே நகர்வதால் இந்த விலகல் பெடலால் வருவதில்லை, ஹேமர் ஷாங்க் சாய்ந்திருப்பதாலோ செக் கம்பி வளைந்திருப்பதாலோ வரும்.

தோல் பளபளத்தால் கம்பித் தூரிகையால் மேலோட்டமாகச் சொறிந்து பிசிறு எழுப்பிவிடுங்கள், அழுத்தித் தேய்த்தால் தோல் மெலிந்துவிடும். வாலைக் கரடுமுரடான உப்புத்தாளால், 80 நம்பர் போதும், குறுக்கே சில கீறல்கள் மட்டும் போடுங்கள். அதன் வளைவான வடிவம் மாறக்கூடாது. ஷாங்க்கை ஒரு கையால் தாங்கிக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் முழு அழுத்தமும் அந்தச் சின்ன பின்னில் போய் விழும்.


சென்டர்பின்:

அந்த ஒத்தைக் கீயில செக் கம்பி கீ மரத்துக்குள்ள ஆடுதான்னும் விரலால அசைச்சுப் பாருங்க. ஆடினா வளைச்சு பிரயோஜனம் இல்ல. கம்பியை உருவி, ஓட்டையில கொஞ்சம் மரப் பசை விட்டுத் திரும்ப அடிச்சு இறக்கி, காய்ஞ்ச பிறகு செக்கை 15-க்கு வையுங்க.